பேட்டரி தந்த பிளாந்தே

பஸ், லாரி, கார் எதுவானாலும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது பேட்டரிதான். அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பல பேர் முழிப்போம். அவர் பெயர் காஸ்டன் பிளாந்தே.

பிளாந்தே 1834 ஏப்ரல் 22-ல் பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே ஓர்தேஸ் என்ற ஊரில் பிறந்தார். 1854-ல் பாரிஸில் ஒரு தொழிற்கல்விக் கூடத்தில் இயற்பியல் உதவியாளராகச் சேர்ந்தார். மறு வருடமே பாரிஸ் பக்கத்தில் ஒரு ராட்சதப் பறவையின் புதைபடிவ எலும்பைக் கண்டெடுத்தார். அந்தப் பறவைக்கு அவர் பெயரால் காஸ்டோர்னிஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

அப்போது புழக்கத்தில் இருந்த பேட்டரிகள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1859-ல் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பாய் மாதிரி சுருட்டி, தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் வைத்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி பிறந்தது. 1860-ல் ஒன்பது செல் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். அதே வருடம் பாலிடெக்னிக் சங்கம் என்ற அமைப்பில், சாதாரண ஜனங்களுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியரும் ஆனார். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

தகடு பதமாவதற்கு சார்ஜ் ஏற்றுவதும் இறக்குவதுமாக மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. டைனமோ பரவாத காலம். வேறு செல்களை வைத்தே சார்ஜ் ஏற்றினார். 1881-ல் கமில் ஃபோர் என்பவர் தகட்டில் ஈயப் பசை பூசி அந்த வேலையைச் சுருக்கினார். பிளாந்தே 1889-ல் தம் 55-வது வயதில் காலமானார். 1912 மாடல் கேடிலாக் காரில் செல்ஃப் மோட்டார் வந்ததை அவர் பார்க்கவில்லை.

அவர் தந்த பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. இன்றைய கார் பேட்டரியில் 6 செல். செல்லுக்குச் சுமார் 2 வோல்ட். பொதுவாக 3 முதல் 5 வருடம் வரும். வெயில் ஊரில் சீக்கிரம் போய்விடும். சார்ஜ் இறங்கினபடியே போட்டு வைத்தால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் சார்ஜ் பிடிக்காது.

எங்க அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். ஒரு பேட்டரி விலை எங்கள் வீட்டில் பல நாள் சாப்பாட்டுச் செலவு. அதனால் வண்டி திணறினதுமே புதுசு வாங்க ஓடக் கூடாது. டெர்மினலில் பூத்திருப்பதைத் துடைத்து இறுக்கணும். பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்கணும். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டணும். மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டணும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றணும்.

முழு சார்ஜிலும் ஒரு செல் மட்டும் ரொம்ப இறங்கி இருந்தாலோ, ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ, டப்பா உப்பியிருந்தாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அதை நம்பி ராத்திரி லோடு ஏற்றிக்கொண்டு போனால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ஈயம் விஷம் என்பதால் பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

நாளை நாம் ஒர்க்ஷாப்பில் நிற்கும்போது, அளந்து பார்த்த பிறகே மாற்றச் சொல்வோம். வண்டிக்காரர் காசு மிச்சமாகும், நம் படிப்புக்கும் மரியாதை.

- இரண்டாம் ஆண்டு மாணவர், ஆட்டோமொபைல் பிரிவு