சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ்

1889-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், நியூயார்க் துறையிற் கப்பலின் கீழ்த்தட்டினின்றும் ஓர் இளைஞர் இறங்கினார். உயரம் ஏறத்தாழ 4 அடி, முதுகு கூன், கையிற் பொருளில்லை, ஆங்கிலமும் சில சொற்களே. அதிகாரிகள் அவரைத் திருப்பியனுப்பத் துணிந்தனர். உடன்வந்த நண்பர் அவருக்குத் தாமே பொறுப்பென்று உறுதி கூறியிராவிடின், இக்கட்டுரைக்கே இடமிராது.

அவ்விளைஞரே ஸ்டைன்மெட்ஸ். 1865-இல், அந்நாளிற் பிரஷ்யாவைச் சார்ந்திருந்த பிரெஸ்லா நகரிற் பிறந்தவர், கணிதத்தில் வல்லவர். பல்கலைக்கழகப் பட்டம் கைக்கெட்டும் வேளையில், சமதர்மக் கொள்கை காரணமாக அரசினர் சினத்திற்கு ஆளாகி, 1888-இல் நாடு நீங்கினார்.

அமெரிக்காவில் யாங்கர்ஸ் என்னும் ஊரில், ஐக்கமையர் என்பாரது தொழிற்சாலையிற் படம் வரைவோராய் அமர்ந்தார். ஆங்கே இரும்பின் குறையொன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயின் உள்ளிருக்கும் இரும்பு காந்தமாகும். ஓட்டத்தை நிறுத்தினும் காந்தம் முற்றும் உடனே நீங்குவதில்லை. ஸ்காட்லாந்து அறிஞர் யூயிங் ஆராய்ந்து பெயரிட்ட இப்பண்பைத் தமிழிற் காந்தத் தயக்கம் என்பர். பிரிய மனமில்லாதார் வாயிலில் நிற்பதையன்றோ அச்சொல் நினைவூட்டுகின்றது! மின்னோட்டம் திசைமாறுந்தோறும் இத்தயக்கத்தால் ஆற்றல் வெப்பமாய் வீணாகும். எத்துணை வீணாகும் என்பதைப் பொறியைக் கட்டி முடித்து அளந்த பின்னரே பெரும்பாலும் அறிந்தனர். சூடேறிக் கெடின் மீண்டும் கட்டவேண்டியதே.

ஸ்டைன்மெட்ஸ், யூயிங்கின் அளவைகளையும் தம்முடையவற்றையும் ஒருங்குவைத்து நோக்கி, 1892 ஜனவரியில் ஒரு விதியை வெளியிட்டார். அவ்விழப்பு, உச்சக் காந்தச் செறிவின் 1.6-ஆம் அடுக்கினை ஒட்டி வளரும். செறிவு இருமடங்காயின் இழப்பு ஏறக்குறைய மும்மடங்காம். 1.6 ஏன் என்பதற்கு அவர் காரணங் காட்டிலர். அளந்து கண்டதையே கூறினார். இதனைக் குறையென்பாரும் உளர். எமக்கோ அவ்வடக்கமே அழகாகத் தோன்றுகின்றது. பொறியைக் கட்டுமுன் தாளிலேயே அதன் வெப்பத்தைக் கணிக்க வழி பிறந்தது.

இக்காலத்து மோட்டார் வண்டியில், எரிபொருளை உட்செலுத்தும் மின்காந்த வால்வு நொடியின் ஆயிரத்திலொரு கூறு, இரு கூறு அளவில் திறந்து மூடவேண்டும். தயங்கும் காந்தம் அதனை விடாது பற்றின் எண்ணெய் மிகுந்து பாயும். அதனை முன்னறிய இவர் விதி போதாது. அது வெப்பத்தைச் சொல்லுமேயன்றித் தயக்கத்தின் போக்கைச் சொல்லாது. 1935-இல் பிரைசாக் வகுத்தது போன்ற முறைகள் அதற்கு வேண்டும்.

ஐக்கமையரின் தொழிற்சாலையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் வாங்கியபோது இவரும் அவர்பாற் சென்றார். பின்பு ஸ்கெனெக்டடி நகரில் வாழ்ந்து, 1902-இல் அந்நகர் யூனியன் கல்லூரியிற் பேராசிரியரானார். தந்தைக்கும் பாட்டனார்க்கும் இருந்த கூன் தம் மக்கட்கும் வருமென அஞ்சி, மணஞ்செய்யாதே இருந்தார். உதவியாளர் ஒருவரை மகனாகத் தத்தெடுத்து, அவர் குழந்தைகட்குப் பாட்டனாராய் மகிழ்ந்தார். 1923 அக்டோபர் 26-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் வைத்திருந்த, 1914-இற் செய்த மின்சார வண்டி அக்கல்லூரியிற் பேணப்பட்டு வருகின்றது.