சுடுகாட்டிலும் சமத்துவம் கேட்ட வக்கீல்

அமெரிக்காவில் அடிமைகள் விடுதலை என்றதும் ஆபிரகாம் லிங்கனின் பெயரே நம் நினைவுக்கு வரும். அந்த லிங்கனையே இன்னும் வேகமாகப் போகும்படி ஓயாமல் நெருக்கியவர் ஒருவர் உண்டு. அவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் கிராமத்தில் 1792 ஏப்ரல் 4-ந் தேதி பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. தகப்பனார் குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். தாயார்தான் பாடுபட்டு நான்கு பிள்ளைகளையும் ஆளாக்கினார். படித்து முடித்த ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் நகரில் வக்கீல் தொழில் தொடங்கினார்.

1821-ல் ஒரு வழக்கு. சாரிட்டி பட்லர் என்ற கறுப்புப் பெண், சட்டப்படி தனக்கு விடுதலை உண்டு என்று கோர்ட்டுக்கு வந்தாள். ஸ்டீவன்ஸ் ஆஜரானதோ எஜமானன் தரப்பில்! வழக்கில் அவர் ஜெயித்தார். அந்தப் பெண் மீண்டும் அடிமையானாள். அவர் வாழ்க்கையில் அழியாத கறை இது. ஆனால் பிற்காலத்தில், தப்பி வந்த அடிமைகள் பலருக்காக அதே ஸ்டீவன்ஸ் வாதாடினார்.

1835-ல் பென்சில்வேனியாவின் இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்ய முயற்சி நடந்தது. மேல்சபை ரத்துக்குச் சம்மதித்தும்விட்டது. கீழ்சபையில் ஸ்டீவன்ஸ் பேசிய பேச்சு சட்டத்தைக் காப்பாற்றியது. கறுப்பர்களின் ஓட்டுரிமையைப் பறித்த 1838-ம் ஆண்டு மாநில அரசியல் சட்டத்தில் கையெழுத்திட அவர் மறுத்துவிட்டார்.

1848-ல் முதல் முறையாக அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வானார். உள்நாட்டுப் போரின்போது நிதிக் கமிட்டித் தலைவராக இருந்து யுத்தச் செலவுக்கு வழி செய்தார். 1863-ல் தென்னகப் படையினர் அவருடைய இரும்பு ஆலையைக் கொளுத்தினர். அவர் கொள்கை மாறவில்லை.

அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்திற்கும், சட்டத்தின் முன் சம பாதுகாப்பு அளித்த 14-வது திருத்தத்திற்கும் அவர் பாடுபட்டார். பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பத் தலைவருக்கு 40 ஏக்கர் வீதம் கொடுக்க வேண்டும் என்றார். அதைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. நிலமில்லாத விடுதலை எத்தகையது என்பதைப் பின்னர் அந்த மக்கள் அனுபவித்தார்கள்.

1868-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீது குற்ற விசாரணை நடந்தது. நோயாளியான ஸ்டீவன்சை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஒரே ஓட்டில் ஜான்சன் தப்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ந் தேதி ஸ்டீவன்ஸ் காலமானார்.

லங்காஸ்டர் நகரில் பெரிய கல்லறைத் தோட்டங்கள் இருந்தன. அங்கே கறுப்பர்களுக்கு இடமில்லை. எல்லா நிறத்தாரையும் ஏற்ற ஒரு சிறிய கல்லறைத் தோட்டத்தையே அவர் தமக்குத் தேர்ந்தெடுத்திருந்தார். காரணத்தையும் கல்லில் பொறிக்கச் செய்தார். இன்றும் அங்கேதான் உறங்குகிறார்.