கைதிக்காகப் பரிந்து பேசிய பத்திரிகையாளர்

நாகூர் ஹனீபாவின் கணீர்க் குரல் வழியே அறிஞர் அண்ணாவின் பெயர் நம் தெருக்களில் ஒலித்ததைப் பங்கின் மூத்தோர் அறிவர். ஈரோட்டில் ‘விடுதலை’, ‘குடிஅரசு’ இதழ்களில் உழைத்து, 1942-ல் காஞ்சியில் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கியவர், 1967-ல் முதலமைச்சரானவர். எழுதிய நூலுக்காக 1950-ல் சிறை கண்டவரும்கூட. அதனால்தானோ என்னவோ, கைதியின் துயரம் அவருக்குப் புரிந்தது.

1968-ல் வத்திக்கான் நகரில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரைக் கண்டபோது, மோகன் ரானடேயின் விடுதலைக்காகப் பரிந்து பேசுமாறு வேண்டினார். ரானடே தமிழரல்லர், மராட்டியர், அண்ணாவின் கட்சியினருமல்லர். கோவா விடுதலைக்குப் போராடி 1955-ல் போர்த்துக்கீசியரிடம் சிக்கியவர். 1961-ல் கோவா விடுதலை பெற்றும், அவர் போர்த்துக்கல் சிறையிலேயே வாடினார்.

1969 ஜனவரியில் சிறைக்கதவு திறந்தது. பிப்ரவரி 3-ல் அண்ணா கண்மூடினார். ரானடேயின் நன்றியை நேரில் கேட்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.