கணக்கும் ஒளியும்

நுழையும்முன்

விரும்பும் துறையைத் தேர்வதா, வருவாய் தரும் தொழிலைத் தேர்வதா? மேல்நிலைக் கல்வி பயிலும் மாணவர் பலரின் உள்ளத்தில் எழும் வினா இது. நூறாண்டுகளுக்கு முன்பு சென்னையில் பயின்ற ஓர் இளைஞர் முன்னும் இதே வினா நின்றது. அவர் முதலில் ஏற்றது அரசின் கணக்குப் பணி. உலகம் அவரை அறிந்ததோ அறிவியல் அறிஞராக. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளை இப்பாடம் விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

சர் சி. வி. இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். பெற்றோர் சந்திரசேகர ஐயர், பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் பணியேற்றதால் குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. கணிதமும் இயற்பியலும் கற்பித்த தந்தையின் நூல்களுக்கிடையே இராமன் வளர்ந்தார். 11ஆம் வயதிலேயே பள்ளியிறுதித் தேர்வில் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். இயற்பியலுக்கான தங்கப்பதக்கமும் அவருக்கே கிடைத்தது.

முதுகலை பயின்றபோது ஒருநாள் ஆய்வகத்தில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். மாணவர் அனைவரும் செய்யும் வழக்கமான பயிற்சி அது. அப்பொழுது ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒன்றுபோல் அமையாதிருப்பதைக் கண்டார். அளவை முடித்துவிட்டு அகலாமல், அதன் காரணத்தை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1906இல் இலண்டனிலிருந்து வெளிவந்த அறிவியல் இதழொன்றில் கட்டுரையாக இடம்பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 18.

அடைபட்ட வழிகள்

இத்தகைய மாணவர் அறிவியலறிஞராவதில் என்ன தடை இருக்க இயலும் என்று இன்று நமக்குத் தோன்றலாம். அன்றைய நிலை வேறு. இந்தியாவில் ஆய்வையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு மிக அரிது. அரசுக் கல்லூரிகளின் உயர் பேராசிரியர் பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தன. இங்கிலாந்து சென்று பயிலுமாறு ஆசிரியர்கள் ஊக்கினர். ஆனால், அந்நாட்டின் குளிரை இராமனின் மெலிந்த உடல் தாங்காது என்று அரசு மருத்துவர் கூறிவிட்டார். அவ்வழியும் அடைபட்டது.

இந்தியாவிலேயே எழுதக்கூடியதாக நிதித்துறைக் குடிமைப்பணித் தேர்வு இருந்தது. அண்ணன் சுப்பிரமணியமும் முன்னரே அத்துறையில் பணியேற்றிருந்தார். அத்தேர்வுக்காக வரலாறு, பொருளியல், வடமொழி முதலிய பாடங்களை இராமன் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. தமக்குரியவை அல்ல என்று அவற்றை அவர் ஒதுக்கவில்லை. 1907இல் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். அவ்வாண்டிலேயே உலோகசுந்தரியை மணந்து, கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பணியேற்றார்.

பௌபஜார் தெருவின் பலகை

கல்கத்தாவில் ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார் தெருவில் ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகை இராமனின் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்பது அதன் பெயர். இந்தியர் தம் முயற்சியால் அறிவியல் ஆய்வு செய்ய வேண்டும் என்னும் நோக்கத்துடன் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அமைப்பு அது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆய்வு செய்ய முன்வருவோர்தாம் அரியராயிருந்தனர். நிறுவியவரோ 1904இல் மறைந்துவிட்டார். உள்ளே சென்று ஆய்வு செய்ய இசைவு கேட்ட இராமனை அக்கழகத்தார் மகிழ்வுடன் வரவேற்றனர்.

அன்றுமுதல் அவருடைய நாள் இரு பகுதிகளாயிற்று. விடியற்காலையிலேயே கழகத்துக்குச் செல்வார். ஏறத்தாழப் பத்து மணிக்கு வீடு திரும்பி, நீராடி உண்டு, அலுவலகத்துக்கு விரைவார். மாலையில் அலுவலகத்திலிருந்து நேரே கழகத்துக்கு வருவார். வீடு திரும்ப இரவாகிவிடும். விடுமுறை நாள்கள் முழுவதும் ஆய்வுக்கே உரியன. இல்லத்தின் பொறுப்பை உலோகசுந்தரி ஏற்றுக்கொண்டதால்தான் இவ்வாழ்வு இயன்றது என்பதையும் மறத்தலாகாது.

கையிலிருந்த எளிய கருவிகளுக்கேற்ற ஆய்வுப் பொருளையே அவர் தேர்ந்தார். நரம்புகளின் அதிர்வு, வயலினின் ஒலி, ஏக்தாரா என்னும் ஒற்றை நரம்புக் கருவி ஆகியவை அவருடைய ஆய்வுக்களமாயின. பணியின் காரணமாக இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றப்பட்டபோதும் ஆய்வு நின்றுவிடவில்லை; நாக்பூரில் வீட்டின் ஒரு பகுதியே ஆய்வுக்கூடமாயிற்று. 1911இல் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். பின்னர்க் கழகத்தை ஒட்டிய வீட்டிலேயே குடியேறினார்.

தெரிந்து தெளிவோம்

கழகத்தில் இராமனுக்கு உதவியாளராக இருந்தவர் அசுதோஷ் தே. கல்லூரிக் கல்வி பெறாத அவர், இராமனுடன் பணியாற்றியே ஆய்வுத்திறன் பெற்றார். இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் தம் பெயரில் கட்டுரை வெளியிடும் அளவுக்கு உயர்ந்தார்.

இரண்டாம் முடிவு

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தாரகநாத் பாலித் வழங்கிய நன்கொடையால் இயற்பியல் பேராசிரியர் பதவியொன்று உருவாயிற்று. துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி அப்பதவிக்கு இராமனை அழைத்தார். அதன் ஊதியமோ அரசுப் பணியின் ஊதியத்தைவிட வெகுவாகக் குறைவு. கணக்குத் துறையில் மேன்மேலும் உயரும் வாய்ப்பும் இருந்தது. அயல்நாட்டில் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்பது அப்பதவிக்குரிய விதிகளுள் ஒன்று. இந்தியாவிலேயே ஆய்வு செய்து தகுதி பெற்ற இராமன் அதற்கு இசையவில்லை. இறுதியில் அவருக்காக அவ்விதி தளர்த்தப்பட்டது. 1917இல் அரசுப் பணியைத் துறந்து அவர் பேராசிரியரானார்.

முன்பு 1907இல் வருவாயைத் தேர்ந்தவர், 1917இல் அதனைக் குறைத்துக்கொண்டார். மேலோட்டமாக நோக்கினால் இவை முரண்பட்ட முடிவுகளாகத் தோன்றும். எனினும், முதல் முடிவு குடும்பத்துக்கு நிலையான வாழ்வையும் ஆய்வுக்குக் கவலையற்ற பொழுதையும் தந்தது. அப்பொழுதில் வெளிவந்த கட்டுரைகளே இரண்டாம் முடிவுக்கு வழிவகுத்தன. ஆசையை மட்டும் நம்பி அவர் பதவியைத் துறக்கவில்லை; பத்தாண்டு உழைப்பால் தம் திறனை உறுதிசெய்துகொண்ட பின்னரே துறந்தார்.

உலகப் புகழ்

கடல் நீலநிறமாகத் தோன்றுவதன் காரணத்தை, 1921இல் இங்கிலாந்துக்குச் சென்று திரும்பிய கப்பற்பயணத்தின்போது இராமன் ஆராய்ந்தார். ஒளிச்சிதறல் குறித்த தொடர் ஆய்வுகளின் பயனாக, 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. அவ்வாய்வில் கே. எஸ். கிருஷ்ணன் அவருக்குத் துணைநின்றார். ஒரு பொருளின் மூலக்கூறுகளால் சிதறும் ஒளியின் ஒரு சிறுபகுதி தன் அலைநீளத்தில் மாற்றம் அடைகிறது என்பதே அவ்விளைவு. பௌபஜார் தெருக் கழகத்தில் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்புக்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பின்னர்ப் பெங்களூரில் பணியாற்றி, 1948இல் தம் பெயரால் ஆய்வு நிறுவனமொன்றை நிறுவினார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாக இன்று நாம் கொண்டாடுகிறோம்.

இராமனின் வாழ்வு அனைவர்க்கும் ஒரே வழியைக் காட்டுவதன்று. அவருக்கு வாய்த்த குடும்பச் சூழலும் ஆய்வுக்கழகமும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எனினும், தொழிலா விருப்பமா என்று கலங்கும் மாணவர்க்கு அவர் வாழ்வு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. ஒரு பணியை ஏற்பதனால் உள்ளத்தின் விருப்பம் அழிந்துவிடுவதில்லை. அதற்கென நாள்தோறும் பொழுது ஒதுக்காதபோதுதான் அது அழிகிறது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த பொழுதை இராமன் வீணாக்கவில்லை. அவ்விரு பொழுதுகளே அவரை உலகறியச் செய்தன.