எழுத்தறியா வேந்தர் ஹைதர் அலி

திண்டு போற் கிடந்து நம் ஊர்க்குப் பெயர் தந்த கற்குன்றினை நாம் நாள்தோறும் காண்கின்றோம். காலையில் கடைத்தெருவுக்குச் செல்வோரும், மாலையில் வயலினின்று மீள்வோரும் அதனை நிமிர்ந்து நோக்காமலே கடந்து போகின்றனர். மதுரை நாயக்க மன்னராகிய முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1605-ஆம் ஆண்டில், அக்குன்றின் மீது எழும்பிய கோட்டை பின்னர்ப் பல கைகள் மாறிற்று. அக்கைகளுள் ஒன்று தென்னாடு முழுவதையும் நடுங்கச் செய்த ஹைதர் அலியின் கை. அவர்தம் சரிதையை நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் மக்கட்கும் இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அதற்கொரு காரணமும் உண்டு.

சின்னாட்களுக்கு முன்னர் நம் மாணாக்கர் சிலரை அக்கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஹைதர் அலி எழுதப் படிக்க அறியாதவர் என்று நாம் சொல்லி வருகையில், ஒரு சிறுவன் இடைமறித்து, எழுத்தறியாதவரே அரசாள முடிந்ததெனில் தாங்கள் மட்டும் எதற்காக இவ்வளவு பாடங்களைச் சுமக்க வேண்டும் என்று வினவினான். பிள்ளைகள் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. அச்சிறுவனைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கடையில் அமர்த்திவிட அவன் தந்தையார் எண்ணியிருப்பதை நாம் முன்னரே அறிவோம். மலைமேல் நின்றவாறு நாம் அவனுக்குக் கூறிய விடை நிறைவுடையதாய் இல்லை. நிறைவான விடை ஹைதர் அலியின் வாழ்க்கையிலேயே உள்ளது.

ஹைதர் அலி மைசூர்ச் சீமையில் கோலாரை அடுத்த பூதிக்கோட்டை என்னும் ஊரில் 1720-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். தந்தையார் பத்தே முகம்மது ஒரு படைத்தலைவர். ஹைதர் சிறுவராய் இருந்தபோதே தந்தையார் போர்க்களத்தில் மாண்டார். அவர் பட்ட கடனைக் கேட்டு, அவ்வூரதிகாரி அக்குடும்பத்தைச் சிறைப்படுத்தி, ஹைதரையும் அவர் தமையனாரையும் முரசினுள் அடைத்து, அம்முரசை அடித்து வருத்தினான் என்று மைசூர்ச் சரித்திரம் எழுதிய வில்க்ஸ் துரை கூறுகின்றார். பள்ளியிற் கழிய வேண்டிய பருவம் இவ்வாறு பசியிலும் அச்சத்திலும் கழிந்தது. ஹைதர் எழுத்தறியாமற் போனது சோம்பலால் அன்று, கொடிய வறுமையால். இதனை நம் பிள்ளைகள் முதற்கண் உணர வேண்டும்.

தமையனார் மைசூர்ப் படையில் அமர்ந்தபின் ஹைதரும் அவரைத் தொடர்ந்தார். 1749-ஆம் ஆண்டில் தேவனஹள்ளி முற்றுகையில் அவர் காட்டிய ஆண்மை, மைசூர் அரசியலை நடத்திய நஞ்சராஜரின் கண்ணிற் பட்டது. கடப்பைக் கோட்டைத் தலைவராயிருந்த மீர் முயினுத்தீனின் மகளார் பக்ருன்னிசா அவருடைய மனைவியார். அவ்வம்மையார் வயிற்றில் 1750-ஆம் ஆண்டில் அத் தேவனஹள்ளியிலேயே திப்பு பிறந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து நடந்த நெடும்போரில் ஹைதர் பங்கு கொண்டு, ஐரோப்பியப் படைகளின் ஒழுங்கையும் பீரங்கிகளின் ஆற்றலையும் அருகிருந்து கண்டார். கண்டதை மறவாத மனம் அவருடையது. கன்னடம், தெலுங்கு, மராத்தி, தமிழ், இந்துஸ்தானி என்னும் ஐந்து மொழிகளிலும் அவர் தடையின்றி உரையாடுவார்.

1755-ஆம் ஆண்டில் அவர் திண்டுக்கல்லுக்குப் பவுஜுதாராக வந்தார். படைத்தலைமையும் வரிதண்டலும் ஒருங்கே அமைந்த பதவி அது. மைசூருக்கு அடங்காதிருந்த பாளையக்காரரை அவர் அடக்கினார். பிரெஞ்சுக்காரரைக் கொண்டு இங்கே படைக்கலச் சாலையும் பீரங்கிப்படையும் அமைத்தார். பிறரிடம் வேலை பார்த்த ஹைதர், தமக்கென ஒரு படையையும் பொருளையும் திரட்டத் தொடங்கியது இவ்வூரில்தான். பின்னாளில் பேரரசுகளை எதிர்த்த வலிமைக்கு வித்து இக்குன்றின் அடியில் ஊன்றப்பட்டது என்றால் அது மிகையாகாது.

இங்கு நிகழ்ந்த ஒரு செய்தியையும் வில்க்ஸ் எழுதி வைத்துள்ளார். போரிற் காயமுற்றோர்க்கு மைசூர் அரசாங்கம் தனியே பொருளுதவி செய்து வந்தது. ஒரு போரில் காயமுற்றோர் 67 பேரே ஆவர். ஆனால் கணக்குப் பார்க்கத் தலைநகரினின்று அதிகாரி வந்தபோது, 700 பேர் மஞ்சள் தோய்த்த துணியைக் கையிலும் காலிலும் சுற்றிக்கொண்டு வரிசையாகக் கிடந்தனராம். எழுதத் தெரிந்த அதிகாரியை எழுதத் தெரியாத தளவாய் ஏமாற்றினார். கேட்போர்க்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆயினும் அரசின் பொருளைக் கவர்ந்த செயல் அது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

ஹைதர் இங்கிருந்த காலத்தில், தலைநகராகிய ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் காரியங்களைக் கவனித்து வந்தவர் கண்டேராவ் என்னும் கணக்கர். ஹைதரின் வரவு செலவும் கடிதப் போக்குவரவும் அவர் கையில் இருந்தன. ஹைதரின் கண்ணும் அவரே, பேனாவும் அவரே. அரண்மனையார் நஞ்சராஜரிடமிருந்து விடுபட விரும்பியபோது ஹைதர் அவர்க்குத் துணைநின்று, அதன் பயனாகத் தாமே பெரிய அதிகாரம் பெற்றார். ஹைதரின் அதிகாரமும் அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. அப்போது பெருந்தேவியாரோடு சேர்ந்து ஹைதரை வீழ்த்தச் சூழ்ந்தவர் அதே கண்டேராவே. படையின் பெரும்பகுதி வெளியே சென்றிருந்த தறுவாய் பார்த்து, 1760-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கோட்டைப் பீரங்கிகள் ஹைதரின் இருக்கையை நோக்கி முழங்கின. மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு, இரவோடிரவாகக் காவிரியைக் கடந்து பெங்களூருக்கு ஓடினார் ஹைதர். திப்பு அன்று பத்து வயதும் நிரம்பாத பாலகர்.

ஹைதர் மீண்ட விதமும் வியப்புக்குரியது. படை கொண்டு வெல்ல முடியாத கண்டேராவை அவர் ஓலை கொண்டு வென்றார். நஞ்சராஜரின் முத்திரையிட்ட பொய்யோலைகள், கண்டேராவின் படைத்தலைவர்களுக்கு எழுதப்பட்டனபோல, கண்டேராவின் கையிலேயே சிக்குமாறு விடுக்கப்பட்டன. தம் தலைவர்கள் தம்மைக் காட்டிக்கொடுக்க உடன்பட்டனர் என்று அவற்றைப் படித்து அஞ்சிய கண்டேராவ் படையைவிட்டு ஓடினார். 1761-ஆம் ஆண்டில் மைசூர் ஹைதரின் கைக்கு வந்தது. உடையார் பெயரளவில் அரசராயினர். கண்டேராவின் உயிருக்கு அரண்மனைப் பெண்டிர் மன்றாடியபோது, கிளியைப் போல் அவரைப் பேணுவதாக ஹைதர் வாக்களித்தார். சொன்னபடியே இரும்புக் கூட்டில் அடைத்துப் பாலும் சோறும் அளித்தார். வாக்கும் தவறவில்லை, வஞ்சமும் தீர்ந்தது. எழுத்தால் வஞ்சிக்கப்பட்ட ஒருவரது உள்ளத்தில் எவ்வளவு கசப்பு ஊறியிருந்தது என்பதற்கு அக்கூடே சான்று.

அரசரான பின்னும் அவர் கையெழுத்து ஒற்றை எழுத்தே. தம் பெயரின் முதலெழுத்தை வருந்திக் கற்று, அதனையும் தலைகீழாகவே இடுவாராம்.

அவர் வரலாற்றில் இரு கைம்பெண் அரசியர் வருகின்றனர். 1763-ஆம் ஆண்டில் பெதனூரைக் கைப்பற்றியபோது, அந்நாட்டை ஆண்ட வீரம்மாஜியை மதுகிரிக் கோட்டையில் சிறைவைத்தார். 1772-ஆம் ஆண்டில் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்துத் திண்டுக்கல் சீமைக்கு வந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியாருக்கோ, புகலிடம் அளித்துப் படையுதவியும் செய்தார். அத்துணையோடு 1780-ஆம் ஆண்டில் நாச்சியார் தம் நாட்டை மீட்டார். நாச்சியார் ஹைதரோடு உருது மொழியிலேயே உரையாடினார் என்பது நம் பக்கத்துச் செவிவழிச் செய்தி. ஒருவர்க்குச் சிறை, மற்றவர்க்கு அடைக்கலம். அரசியல் தேவை ஒருபுறம் இருப்பினும், கற்ற மொழி ஆபத்தில் நின்ற ஓர் அரசிக்குத் துணையாயிற்று என்று நம் பெண்மக்கட்குச் சொல்லுதல் தகும்.

ஆங்கிலேயரோடு ஹைதர் இருமுறை பெரும்போர் புரிந்தார். 1769-ஆம் ஆண்டில் சென்னையின் வாயிலருகே சென்று நின்று உடன்படிக்கை பெற்றார். ஆபத்தில் ஒருவர்க்கொருவர் உதவுவதாக எழுதிய அவ்வுடன்படிக்கையை, மராத்தியர் மைசூர்மேற் படையெடுத்தபோது ஆங்கிலேயர் காற்றிற் பறக்கவிட்டனர். அவ்வஞ்சனையை மறவாது 1780-ஆம் ஆண்டில் கருநாடகத்தின்மேற் பாய்ந்தார், பொள்ளிலூரில் வென்றார், மறு ஆண்டு பரங்கிப்பேட்டையில் தோற்றார். அப்படையெடுப்பில் சென்னையைச் சூழ்ந்த ஊர்கள் எரிந்தன. உழுகுடிகள் சொல்லொணாத் துயருற்றனர். வீரத்தைப் புகழும் நாவு இதனையும் சொல்லவே வேண்டும்.

1782-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூரை அடுத்த பாசறையில், முதுகிற் கண்ட கட்டியால் அவர் உயிர் நீத்தார். திப்பு அப்போது மலையாள நாட்டில் இருந்தார். செய்தி வெளிப்பட்டிருப்பின் படை சிதறியிருக்கும். பூர்ணையா முதலிய அமைச்சர்கள் இறப்பை மறைத்து, உடலைப் பொருட்பேழை போலக் கோலாருக்கு அனுப்பி, திப்புவுக்கு மந்தணமாக எழுதி வரவழைத்து அரசைக் காத்தனர். பூர்ணையாவும் கணக்கரே. எழுத்தறியா வேந்தரை ஒரு கணக்கர் கவிழ்க்க நின்றார். மற்றொரு கணக்கர் காத்து நின்றார். இரண்டும் ஹைதரின் கையில் இல்லை. எழுதுவோர் மனத்தில் இருந்தன.

இக்குறையை ஹைதரே நன்குணர்ந்தார் என்பதற்கு அவர் மகனாரே சான்று. திப்புவுக்கு ஆசிரியர்களை அமர்த்திப் பாரசீகம் முதலியன கற்பித்தார். 1799-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்புவின் நூல்நிலையத்தில் ஏறக்குறைய 2000 நூல்கள் இருந்தன. ஓரெழுத்தைத் தலைகீழாக இட்ட தந்தையின் மகன் சேர்த்த செல்வம் அது. எழுத்து வேண்டுவதில்லை என்று ஹைதர் கருதியிருப்பின் அதனைத் தம் மகனுக்குத் தேடித் தந்திருப்பாரோ?

நம் ஊர்ப் பேகம்பூரில், பெரிய பள்ளிவாசலில், ஹைதரின் தங்கையார் அமீருன்னிசா பேகம் அடக்கமாகியுள்ளார். அவ்வம்மையார் பெயராலேயே அப்பகுதி வழங்குகின்றது. எல்லாக் குலத்தாரும் நாள்தோறும் அப்பெயரைச் சொல்கின்றனர். யார் பெயர் என்று அறிவோர் சிலரே. குன்றையும் அப்பள்ளிவாசலையும் தம் பிள்ளைகட்குக் காட்டி இவ்வரலாற்றைச் சொல்லுமாறு பெற்றோரை வேண்டுகின்றோம்.

வினவிய சிறுவனுக்கு நம் விடை இதுவே. ஹைதர் எழுத்தறியாமையால் உயர்ந்தாரல்லர். எழுத்தறியாமலிருந்தும், அரிய நினைவாற்றலால் உயர்ந்தார். அக்குறைக்கு ஓர் இரவில் குடும்பத்தையே விலையாகத் தர நேர்ந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊரார் நாம். பூட்டு நம்முடையதாயினும் சாவி பிறர் மடியில் இருப்பின் பெட்டி நம்முடையதாகுமோ? அவன் தந்தையார் இவ்விதழைப் படிப்பவர். கடை இன்னும் சில ஆண்டு காத்திருக்கும். கற்கும் பருவம் காத்திராது. மறு ஆண்டும் அப்பிள்ளையை நம் பள்ளியில் காண விழைகின்றோம்.