தபால் மூட்டையோடு திருவனந்தபுரம் வந்த குட்டி விமானம்: ஜே.ஆர்.டி. டாடாவின் கதை

நாகர்கோவில்காரங்க விமானம் ஏறணும்னா இன்னைக்கும் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான் போகணும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று விமான நிலையம் கிடையாது. சுமார் 70 கி.மீ. தள்ளியுள்ள அந்த ஊருக்கு 1935-ல் விமான சேவையைக் கொண்டுவந்தது ஒரு குட்டி நிறுவனம். அதை ஆரம்பித்தவர் ஜே.ஆர்.டி. டாடா.

யார் இந்த ஜே.ஆர்.டி.?

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா தொழிலதிபர் ஆர்.டி. டாடா, அம்மா பிரான்ஸ் நாட்டுப் பெண். சின்ன வயசில் விடுமுறைக்குப் போன கடற்கரை ஊரில், ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளெரியோவுக்கும் வீடு இருந்தது. அங்கே விமானங்களைப் பார்த்துப் பார்த்தே ஆசை வந்துவிட்டது. 1929 பிப்ரவரி 10-ல், இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல் நபர் ஆனார்.

ரெண்டே விமானம்!

அப்போது லண்டனிலிருந்து வரும் விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடும். அதை மற்ற ஊர்களுக்கு நாமே பறந்து கொண்டுபோகலாமே என்று யோசனை சொன்னவர், பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்த நெவில் வின்சென்ட். டாடா நிறுவனம் 2 லட்சம் ரூபாய் போட்டது. வாங்கியது 2 'புஸ் மாத்' விமானங்கள். வானொலித் தொடர்பு கிடையாது.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பைக்குத் தபாலோடு பறந்து வந்தார் ஜே.ஆர்.டி. அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்கு ஓட்டிப் போனவர் வின்சென்ட். மும்பையில் ஜுஹுவின் மண் தரைதான் ஓடுதளம். மழைக்காலத்தில் அது தண்ணீரில் மூழ்கும் என்பதால் புனேவுக்கு மாறிவிடுவார்கள்.

காசு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் விஷயமே இருக்கு. முதல் ஆண்டில் ஏறிய பயணிகள் வெறும் 155 பேர். ஆனால் சுமந்த தபால் சுமார் 10 டன். அரசு மானியம் இல்லை. தபாலுக்குக் கிடைத்த கட்டணம்தான் வருமானம். பயணிகளை மட்டும் நம்பியிருந்தால் மூடியிருப்பார்கள். தபால் இருந்ததால் 60,000 ரூபாய் லாபம் பார்த்தார்கள்.

நம்ம பக்கம் வந்தது எப்படி?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி. 'அஞ்சல்' என்ற பெயரில் சமஸ்தானத்துக்குத் தனித் தபால் துறையே இருந்தது. ஒரு காலத்தில் மணி கட்டிய கோலோடு ஆட்கள் ஓடித்தான் கடிதம் கொண்டுபோனார்கள். அந்த நாட்டின் தலைநகருக்கு 1935-ல் மும்பையிலிருந்து கோவா, கண்ணூர் வழியாக டாடாவின் தபால் விமானம் வந்தது. அங்கே விமானத்தளம் அமைய முன்னின்றவர் அரச குடும்பத்தின் கோதவர்ம ராஜா.

1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. விமான நிலையம் கேரளத்தில் நின்றுவிட்டது.

அப்புறம் என்ன ஆச்சு?

குட்டி நிறுவனம் 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1953-ல் அரசுடைமை. ஆனாலும் ஜே.ஆர்.டி.யே தலைவராகத் தொடர்ந்தார். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1982-ல், 78 வயதில், அதே கராச்சி–மும்பை பாதையில் மறுபடியும் சிறிய விமானம் ஓட்டிக் காட்டினார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் மறைந்தார். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மீண்டும் டாடா கைக்கு வந்தது.

இன்னைக்கு இது ஏன் முக்கியம்?

சின்ன ஊர்களுக்குப் பறக்கும் நிறுவனங்களுக்கு இன்றும் அதே சிக்கல்தான்: டிக்கெட் காசு மட்டும் போதாது. அதனால்தான் மத்திய அரசின் 'உடான்' திட்டம், கட்டணத்துக்கு வரம்பு வைத்து, விழும் துண்டை நிதியாகக் கொடுக்கிறது. அன்று அந்த இடத்தைத் தபால் நிரப்பியது. குமரிக்கும் விமானம் வேணும் என்று கேட்கும்போது, எங்கே இறங்கும் என்பதோடு, காலி இருக்கைக்கு யார் காசு கொடுப்பார்கள் என்றும் கேட்கணும்.