ஊராருக்கு உரிமை தேடிய ரிப்பன் பிரபு

சென்னை மாநகராட்சி இயங்கும் வெள்ளை மாளிகைக்கு ரிப்பன் மாளிகை என்று பெயர். 1913-ல் திறக்கப்பட்டது. யார் இந்த ரிப்பன்?

1827-ல் லண்டனில், பிரதம மந்திரியின் வீட்டில் பிறந்தவர். அப்போது பிரதமராக இருந்தவர் இவருடைய தந்தை! 1880-ல் இந்தியாவின் வைசிராயாக வந்தார்.

கலெக்டர் வைத்ததே சட்டம்

அந்த நாளில் நகரசபைகள் இருந்தன. ஆனால், பெரும்பாலான ஊர்களில் கலெக்டர்தான் தலைவர். அங்கத்தினர்களைச் சர்க்காரே நியமித்தது. ரோடு போடுவதும் கிணறு வெட்டுவதும் அதிகாரிகள் இஷ்டப்படி நடந்தன. வரி கட்டிய மக்களை யாரும் யோசனை கேட்கவில்லை.

1882 மே 18-ந் தேதி ரிப்பன் ஒரு தீர்மானம் வெளியிட்டார். கிராமப்புறங்களிலும் சபைகள் வேண்டும். அவற்றில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. முடிந்த இடங்களில் தேர்தல் நடத்த வேண்டும். அதிகாரி அல்லாதவர் தலைவராக வேண்டும் என்றார்.

நிர்வாகம் கெட்டுவிடும் என்று அதிகாரிகள் பலர் எதிர்த்தார்கள். ரிப்பன் அசையவில்லை. தவறு செய்தாலும் மக்கள் ஆளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

பாதி வெற்றி

1884-ல் சென்னை மாகாணத்தில் புதிய சட்டங்கள் வந்தன. ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் ஏற்பட்டன. ஆனாலும் பல மாகாணங்களில் ஜில்லா போர்டுக்குக் கலெக்டரே தலைவராக நீடித்தார். வரி கட்டும் வசதி படைத்த சிலருக்கே ஓட்டு. ஏழைகளுக்கும் பெண்களுக்கும் இடம் இல்லை.

அந்த ஆண்டே ரிப்பன் தாயகம் திரும்பினார். வழியெங்கும் மக்கள் திரண்டு விடை கொடுத்தார்கள். 1909-ல் காலமானார்.

1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்கள், உள்ளாட்சியில் பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கின. ரிப்பன் திறந்த கதவு வழியே அவர்கள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார, நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!